பேஸ்ட் பண்ணினால் வரி எங்கே போகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வியாசர்பாடி, பெரம்பூர், தண்டையார்பேட்டை பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் பைத்தான், ஆர், மேட்லேப் போன்ற கணக்கீட்டு மென்பொருள்கள் எல்லாம் சொல்லிக்கொடுக்கிறேன். கணக்கில் வரும் சந்தேகத்தைவிட, எங்கிருந்தோ காப்பி செய்த உரையை மென்பொருளுக்குள் ஒட்டும்போது வரி கலைந்துபோகிற சந்தேகம்தான் அதிகம் வருகிறது. திரும்பத் திரும்ப வந்தவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே எழுதி, கீழே பதில் கொடுத்திருக்கிறேன். முதல் நான்கையும் படித்துவிட்டு மற்றதற்குப் போனால் நல்லது. பின்னால் வருபவை அவற்றின் மேல்தான் நிற்கின்றன.

1. அண்ணா, என்டர் தட்டினா வரி கீழே போகுது, அவ்வளவுதானே? அதுல எழுத்து எங்கிருந்து வந்துச்சு?

என்டர் தட்டும்போது கோப்புக்குள் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து பதிவாகிறது, சில இடங்களில் இரண்டு. கணினியில் எல்லா எழுத்துக்கும் எண் இருப்பதுபோல இதற்கும் உண்டு. எண் 10 என்றால் லைன் ஃபீட், சுருக்கமாக எல்எஃப். எண் 13 என்றால் கேரியேஜ் ரிட்டர்ன், சுருக்கமாக சிஆர்.

லினக்ஸ், ஆண்ட்ராய்டு, இன்றைய மேக் எல்லாம் வரி முடிவுக்கு 10 மட்டும் போடும். விண்டோஸ் 13, 10 என்று இரண்டையும் அடுத்தடுத்துப் போடும். 2001-இல் ஓஎஸ் எக்ஸ் வருவதற்கு முந்தைய மேக் 13 மட்டும் போட்டது. பழைய டிடிபி கடைக் கோப்புகளைத் திறந்தால் இந்த மூன்றாவது வகையை இன்றும் பார்க்கலாம்.

2. ஒரே வேலைக்கு எதுக்கு ரெண்டு எழுத்து?

டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் போனவர்களுக்கு இது உடனே புரியும். வரி முடிந்ததும் இடது பக்க லீவரைத் தள்ளினால், காகிதம் ஒரு வரி ஏறும், கேரியேஜும் முதல் இடத்துக்குத் திரும்பும். தந்தி வழியே ஓடிய டெலிடைப் இயந்திரங்களில் இந்த இரண்டு அசைவுக்கும் தனித்தனி ஆணை. 13 வந்தால் அச்சுத்தலை இடது ஓரத்துக்குப் போகும். 10 வந்தால் காகிதம் உருளும். 1963-இல் வந்த ஆஸ்கி தரம் இரண்டையும் அப்படியே வைத்துக்கொண்டது. பிறகு யூனிக்ஸ்காரர்கள் 10 ஒன்றே போதும் என்று முடிவு செய்தார்கள், டாஸ் வழியில் வந்த விண்டோஸ் இரண்டையும் விடவில்லை. மின்னஞ்சலும் வலைப்பக்கங்களை அனுப்பும் எச்டிடிபியின் 1.1 பதிப்பும் இன்றும் 13, 10 என்றுதான் வரியை முடிக்கின்றன. ஆக, இது விண்டோஸின் தனிப் பிடிவாதம் இல்லை.

3. நோட்பேட்ல வரிவரியா அழகாத்தான் தெரியுது. அப்புறம் ஏன் மத்த இடத்துல தப்பா வருது?

நோட்பேடில் அழகாகத் தெரிவது எதற்கும் சாட்சி ஆகாது. பல ஆண்டுகளாக அதற்கு 13, 10 ஜோடி மட்டுமே புரிந்தது. லினக்ஸ் கோப்பைத் திறந்தால் முழுக்க ஒரே வரியாக நீண்டது. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து மூன்று வகையையும் அது சரியாகக் காட்டுகிறது. அதனால் உள்ளே எது இருக்கிறது என்பது இப்போது பார்வைக்கு மறைந்துபோனது.

கீழே ஓரத்தில் உள்ள நிலைப்பட்டையைப் பாருங்கள். சிஆர்எல்எஃப், எல்எஃப், சிஆர் மூன்றில் ஒன்று எழுதியிருக்கும். விஎஸ் கோட் எடிட்டரில் வலது கீழ் மூலையில் அதே தகவல் இருக்கிறது, அதைத் தட்டி மாற்றவும் செய்யலாம். நோட்பேட் பிளஸ் பிளஸ்ஸில் எல்லா எழுத்துகளையும் காட்டச் சொன்னால் ஒவ்வொரு வரி முனையிலும் கறுப்புப் பெட்டியாகவே தெரியும். எனக்குப் பிடித்தது இதுதான்.

4. சரி, எனக்கு வந்திருக்கிறது எந்த மாதிரி கோளாறுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

'வரி போச்சு' என்று எல்லோரும் ஒரே வார்த்தையில் சொன்னாலும் அதற்குள் மூன்று தனிக் கோளாறுகள் இருக்கின்றன. வரிகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போவது முதலாவது. ஒவ்வொரு வரிக்கும் நடுவில் வெற்று வரி முளைப்பது இரண்டாவது. வரி எண்ணிக்கை சரியாக இருந்தும் ஒவ்வொரு வரியின் வாலிலும் ஒரு 13 தொங்குவது மூன்றாவது. மூன்றாவதுதான் ரொம்பப் படுத்தும், ஏனென்றால் கண்ணில் எதுவும் தப்பாகப் படாது.

எண்ணிப் பார்ப்பதே முதல் சோதனை. திருக்குறள் முழுவதையும் ஒட்டியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணோ தலைப்போ இல்லாமல் குறள் மட்டும் இருந்தால் 1330 குறளுக்கு 2660 வரி வர வேண்டும். 5320 வந்தால் இரண்டாவது கோளாறு. 1330 வந்தால் குறளின் இரண்டு அடிகள் ஒட்டிவிட்டன. சரியாக 2660 வந்தாலும் மூன்றாவது கோளாறு இருக்கலாம், அதற்கு எழுத்து எண்களைத்தான் பார்க்க வேண்டும்.

பைத்தானில் ரெப்ர், ஆரில் யூடிஎஃப்8டூஇன்ட், மேட்லேபில் டபுள், மேத்தமெட்டிகாவில் டூகேரக்டர்கோட். இந்தச் செயற்கூறுகள் உள்ளே இருப்பதை அப்படியே காட்டும். கைக்கணக்காகவும் செய்யலாம். 'மணலி' என்று ஒரு வரி, 'எண்ணூர்' என்று ஒரு வரி, இரண்டின் முடிவிலும் என்டர். யூனிகோடில் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனி எழுத்து என்பதால் மணலி 4, எண்ணூர் 7, மொத்தம் 11. நீளம் 13 என்று வந்தால் வரிமுடிவு எல்எஃப். 15 வந்தால் சிஆர்எல்எஃப். 11 வந்தால் வரிமுடிவே தொலைந்துவிட்டது.

5. இது காப்பி பண்ணும்போதே மாறிடுதா, இல்ல பேஸ்ட் பண்ணும்போது மாறுதா?

இரண்டு இடத்திலும் மாறலாம். விண்டோஸ் கிளிப்போர்டில் வெறும் உரைக்கு ஒரு விதி உண்டு: வரி 13, 10 என்று முடிய வேண்டும். அதனால் எல்எஃப் கோப்பிலிருந்து காப்பி செய்தாலும், பெரும்பாலான எடிட்டர்கள் கிளிப்போர்டில் வைக்கும்போது ஜோடியாக மாற்றி வைக்கும். ஒட்டுகிற இடம் தன் வழக்கத்துக்கு ஏற்ப மறுபடி மாற்றும்.

உலாவிக்குள் ஓடுகிற எதிலும், அதாவது கோலாப், ஜூப்பிட்டர் போன்றவற்றில், ஒட்டிய உரை எல்எஃப் ஆகிவிடும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வலைப்பக்கத்தின் பல வரி உரைப்பெட்டி வரிமுடிவை 10 ஆகச் சீராக்க வேண்டும் என்பது எச்டிஎம்எல் விதி. ஒரே வரிப் பெட்டியாக இருந்தால் இன்னும் மோசம்: வரிமுடிவு இடைவெளியாக மாறலாம், அல்லது சுத்தமாக நீங்கி 'மணலிஎண்ணூர்' என்று ஒட்டிக்கொள்ளலாம். போனில் வேலை செய்பவர்கள் இதில்தான் அதிகம் மாட்டுகிறார்கள். கட்டளை தட்டும் டெர்மினலில் கதையே வேறு. அங்கே ஒட்டினால் நீங்களே என்டர் விசையைத் தட்டியதுபோல 13 போகும்.

ஆகவே நான் எப்போதும் திருப்பிக் கேட்பது: உங்களுக்கு வரிப் பிரிவு நிலைத்தால் போதுமா, இல்லை 13, 10 என்ற அந்த எழுத்துகளே மாறாமல் வேண்டுமா? பத்தில் ஒன்பது பேருக்கு முதலாவது போதும், அதற்கு ஒட்டுவது சரிப்பட்டுவரும். இரண்டாவது வேண்டுமென்றால் ஒட்டவே கூடாது. அது 16-ஆம் கேள்வியில் வருகிறது.

6. அண்ணா, நான் நம்பர் மட்டும்தான் ஒட்டினேன். மூணு நம்பர் போட்டா ஒரே நம்பர் வருது. என்ன மாயம்?

மேத்தமெட்டிகா என்று கேட்காமலே சொல்லிவிடலாம். ஒரு வரிக்கு ஓர் எண்ணாக 12, 15, 20 இருக்கிறது, காற்புள்ளி இல்லை. அதை நெளி அடைப்புக்குறிக்குள் ஒட்டுகிறீர்கள். அடைப்புக்குள் வரும் வரிமுடிவை மேத்தமெட்டிகா வெறும் இடைவெளியாக எடுத்துக்கொள்ளும். இரண்டு எண்ணுக்கு நடுவே இடைவெளி இருந்தால் அதற்குப் பெருக்கல் என்று பொருள். விடை 3600. பிழை என்று ஒரு சத்தமும் வராது.

இதே மூன்று வரியை மேட்லேபிலோ அதைப் போன்ற ஆக்டேவிலோ சதுர அடைப்புக்குள் ஒட்டினால் மூன்று வரிசை கொண்ட ஒரு பத்தி (நெடுவரிசை) கிடைக்கும். அங்கே வரிமுடிவு என்றால் அடுத்த வரிசை. ஆரில் சி என்ற செயற்கூற்றின் அடைப்புக்குள் ஒட்டினால் 'எதிர்பாராத எண்' என்று பிழை கொடுக்கும். பைத்தான் பட்டியலுக்குள் ஒட்டினாலும் இலக்கணப் பிழைதான். பிழை கொடுக்கிற மென்பொருளை நான் நல்லவன் என்பேன். 3600 என்று தந்துவிட்டு அமைதியாக இருப்பதுதான் ஆபத்து.

பைத்தானும் முழுக்க யோக்கியம் இல்லை. எண்ணுக்குப் பதில் மேற்கோளுக்குள் உள்ள ஊர்ப்பெயர்களைக் காற்புள்ளி இல்லாமல் வரிவரியாக ஒட்டிப் பாருங்கள். பிழையே வராது. 'வியாசர்பாடி'யும் 'கொடுங்கையூர்'ரும் சேர்ந்து ஒரே ஊராகிவிடும். அடுத்தடுத்து நிற்கும் இரண்டு ஸ்ட்ரிங்குகளை, அதாவது மேற்கோளுக்குள் உள்ள உரைத்துண்டுகளை, அது தானே இணைத்துவிடும்.

வழி எளிது. எண்களை முதலில் உரையாக உள்ளே கொண்டுவந்து, பிறகு பிரியுங்கள். பைத்தானில் மூன்று மேற்கோளுக்குள் ஒட்டி ஸ்பிளிட் போடலாம். ஆரில் ஸ்கேன் என்று அடித்து என்டர் தட்டி, எண்களை ஒட்டி, கடைசியில் ஒரு வெற்று வரி கொடுத்தால் வாங்கிக்கொள்ளும். மேத்தமெட்டிகாவில் மேற்கோளுக்குள் ஒட்டி, ஸ்ட்ரிங்ஸ்பிளிட் செய்து, பிறகு எண்ணாக மாற்றலாம்.

7. மேற்கோள் குறிக்குள்ள ஒட்டினா எல்லாமே பத்திரமா இருக்கும்தானே?

வரிப் பிரிவு பெரும்பாலும் பத்திரம், வரிமுடிவு எழுத்து அப்படி இல்லை. பைத்தானில் மூன்று மேற்கோளுக்குள் இருப்பது சிஆர்எல்எஃப் ஆகவே இருந்தாலும், நிரலை வாசிக்கும்போது அதை எல்எஃப் ஆக்கிவிடும். ஜாவாஸ்கிரிப்டின் சாய்மேற்கோள் ஸ்ட்ரிங்கிலும் இதே கதை. ஆரில் சாதாரண மேற்கோளுக்குள்ளேயே பல வரி ஒட்டலாம். மேட்லேபில் ஒரு மேற்கோள் ஒரே வரிக்குள் மூடியாக வேண்டும், பல வரி ஒட்டினால் பிழை. அங்கே கோப்பாக வைத்து ஃபைல்ரீட் செய்வதே வழி.

வரிமுடிவைவிட இங்கே கவனிக்க வேண்டியது பேக்ஸ்லாஷ். விண்டோஸ் கோப்புறைப் பாதையை ஒட்டுகிறீர்கள், அதில் பேக்ஸ்லாஷுக்குப் பிறகு 'நியூ' என்ற ஆங்கிலச் சொல் வருகிறது. பேக்ஸ்லாஷும் ஆங்கில என் எழுத்தும் சேர்ந்தால் புதிய வரி என்று பொருள் என்பதால் பாதை நடுவில் உடையும். பைத்தானில் மேற்கோளுக்கு முன் ஆர் எழுத்தைச் சேர்த்தால் பேக்ஸ்லாஷ் வெறும் பேக்ஸ்லாஷாக நிற்கும். ஆர் மொழியில் இந்த வசதி 2020-இல் வந்த 4.0.0 பதிப்பிலிருந்து இருக்கிறது, அங்கே மேற்கோளுக்குள் ஓர் அடைப்புக்குறியும் வேண்டும்.

8. எனக்கு நேர் எதிரா இருக்கு. வரி உடையவே இல்ல, பேக்ஸ்லாஷ்-என் அப்படியே எழுத்தா தெரியுது.

அப்படியானால் உங்களிடம் இருப்பது வரிமுடிவு இல்லை, வரிமுடிவைக் குறிக்கும் இரண்டு சாதாரண எழுத்துகள். தரவு பரிமாறப் பயன்படும் ஜேசன் வகைக் கோப்பிலிருந்தோ பிழைப் பதிவிலிருந்தோ காப்பி செய்தால் இப்படித்தான் வரும். அந்த இரண்டு எழுத்தையும் எண் 10 கொண்டு மாற்றுங்கள். மூலம் ஜேசன் என்றால் ஜேசன் வாசிப்பானிடமே கொடுங்கள், அது சரியாகப் பிரிக்கும்.

9. எக்செல்ல ஒரே கட்டத்துக்குள்ள ரெண்டு மூணு வரி இருக்கு. காப்பி பண்ணி வெளியே போட்டா கட்டம் எல்லாம் கலையுது.

கட்டத்துக்குள் ஆல்ட்டும் என்டரும் சேர்த்து அடித்தால் எக்செல் 10 மட்டும் வைக்கும். ஆனால் காப்பி செய்யும்போது ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் 13, 10 ஜோடி வைக்கும். இரண்டையும் பிரித்துக்காட்ட, உள்ளே வரி உடைந்திருக்கும் கட்டத்தைச் சுற்றி இரட்டை மேற்கோள் போட்டுவிடும். நோட்பேடில் ஒட்டினால் திடீரென்று மேற்கோள்கள் தெரிவது இதனால்தான். அவற்றை அழிக்காதீர்கள். கட்டம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதற்கு அவைதான் அடையாளம். வாசிக்கும் மென்பொருளிடம் 'பிரிப்பான் டேப், மேற்கோள் உண்டு' என்று சொல்லிவிட்டால் போதும். அட்டவணைகளைக் கையாளும் பைத்தான் தொகுதியான பாண்டாஸில் ரீட்கிளிப்போர்டு பயன்படுத்துபவர்கள் டேப் என்று எழுதியே ஆக வேண்டும். எழுதாவிட்டால், இப்படி வரி உடைந்த கட்டங்கள் இருக்கும்போது எல்லா இடைவெளியிலும் வெட்டிவிடலாம், 'பழைய வண்ணாரப்பேட்டை' இரண்டு கட்டமாகும்.

எக்செலுக்குள் ஒட்டும்போது, கட்டத்தை ஒருமுறை தட்டிவிட்டு ஒட்டினால் வரிக்கு ஒரு வரிசையாக இறங்கும். எஃப்2 தட்டி உள்ளே போய் ஒட்டினால் எல்லாம் ஒரே கட்டத்துக்குள் இருக்கும். அப்புறம், க்ளீன் செயற்கூற்றை யோசிக்காமல் போடாதீர்கள். அது 0 முதல் 31 வரை எல்லாவற்றையும் நீக்கும், 10-ஐயும் சேர்த்து. வால் மட்டும் போக வேண்டுமானால் சப்ஸ்டிட்யூட் கொண்டு 13-ஐ மட்டும் எடுங்கள்.

10. தம்பி, காசிமேட்டு ஏலக் கடைல இருந்து வாட்ஸ்அப்ல தினமும் ரேட் வருது. பையன் அதைக் கம்ப்யூட்டர்ல போட்டுக் கணக்கு எடுக்கிறான். சில நாள் மட்டும் குழம்புது, ஏன்?

ஒரே செய்திக்குள் உள்ள வரிகளைக் காப்பி செய்தால் பிரச்சினை இல்லை. பல செய்திகளைச் சேர்த்துத் தேர்ந்தெடுத்துக் காப்பி செய்தால் ஒவ்வொன்றின் முன்னாலும் தேதி, நேரம், அனுப்பியவர் பெயர் வந்து சேரும். வஞ்சிரம், சங்கரா, நெத்திலி என்று ஒரே செய்தியில் அனுப்பிய நாள் சரியாக வரும். மீனுக்கு ஒரு செய்தியாக அனுப்பிய நாள் குழம்பும். அண்ணே, அனுப்புகிறவரிடம் ஒரே செய்தியாகப் போடச் சொல்லுங்கள். நிரல் எழுதிச் சரிசெய்வதைவிட அது சுலபம்.

11. ரெண்டு பக்கமும் 'வஞ்சிரம்'தான். ஆனா ஈக்வல் இல்லைன்னு சொல்லுது. கண்ணு போச்சா எனக்கு?

கண் நன்றாகத்தான் இருக்கிறது. 4-ஆம் கேள்வியில் சொன்ன மூன்றாவது கோளாறு இது. ஒரு பக்கத்து 'வஞ்சிரம்'முக்கு வாலில் 13 இருக்கிறது. உரையை 10-இல் மட்டும் வெட்டியிருப்பீர்கள், ஜோடியில் முன்னால் நின்ற 13 முந்தைய வரியோடு தங்கிவிட்டது. அட்டவணை என்றால் எப்போதும் கடைசிப் பத்தி மட்டும் பாதிக்கும். கடைசிப் பத்தி மட்டும் பொருந்தவில்லை என்று யாராவது சொன்னால் வேறு எதையும் நான் தேடுவதில்லை.

இன்னோர் அடையாளம் டெர்மினலில் தெரியும். அந்தப் பெயரோடு 'கிலோ' என்று சேர்த்து அச்சிட்டால், 'கிலோ' வரியின் தொடக்கத்துக்குப் போய்ப் பெயரின் மேலேயே விழும். 13-க்கு 'இடது ஓரத்துக்குப் போ' என்று பொருள், 2-ஆம் கேள்வியில் பார்த்த டெலிடைப் பழக்கம்தான். தீர்வாக, பைத்தானில் 10-இல் வெட்டாமல் ஸ்பிளிட்லைன்ஸ் பயன்படுத்துங்கள். ஆரில் ரீட்லைன்ஸ் மூன்று வகை வரிமுடிவையும் தானே புரிந்துகொள்ளும். ஏற்கெனவே வெட்டியாயிற்று என்றால், வலது ஓரத்து வெற்றெழுத்துகளை நீக்கினாலே போதும்.

12. பைத்தான்ல சிஎஸ்வி எழுதினேன். எக்செல்ல திறந்தா ஒரு வரி விட்டு ஒரு வரி காலியா இருக்கு.

விண்டோஸில் மட்டும் நடக்கும். சிஎஸ்வி என்பது காற்புள்ளியால் கட்டம் பிரித்த அட்டவணைக் கோப்பு, அதை எழுதும் பைத்தான் தொகுதி வரியை 13, 10 என்று முடித்து எழுதும். உரை முறையில் திறந்த கோப்போ 10-ஐக் கண்டால் அதை 13, 10 ஆக்கும். இரண்டும் சேர்ந்து 13, 13, 10 ஆகிறது, கூடுதல் 13-ஐ எக்செல் இன்னொரு வரியாகக் காட்டுகிறது. கோப்பைத் திறக்கும்போது நியூலைன் என்ற அளபுருவுக்கு வெற்று ஸ்ட்ரிங் கொடுத்தால் இந்த இரண்டாவது மாற்றம் நின்றுவிடும். பைத்தான் ஆவணமே அப்படித்தான் சொல்கிறது, பாடக் குறிப்புகளில்தான் விட்டுவிடுகிறார்கள்.

13. ஆர்ல 'இன்கம்ப்ளீட் ஃபைனல் லைன்'னு எச்சரிக்கை வருது. ஃபைல் முழுசா வரலையா?

முழுதாக வந்துவிட்டது. கடைசி வரிக்குப் பிறகு என்டர் இல்லை என்று மட்டும் சொல்கிறது. வரிமுடிவை இரண்டு விதமாகப் பார்க்கிறார்கள். ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐசிஎஃப்பில் பெட்டிகளைக் கோக்கும் கப்ளிங் மாதிரி, இரண்டு வரிக்கு நடுவில் வருவது என்பது ஒரு பார்வை. அப்படியானால் பத்துப் பெட்டிக்கு ஒன்பது போதும். ஒவ்வொரு வரிக்கும் தன் முடிவு வேண்டும், கடைசி வரிக்கும் சேர்த்துப் பத்து என்பது யூனிக்ஸ் பார்வை. ஆர் இரண்டாவது கட்சி.

கைகொண்டு தேர்ந்தெடுத்துக் காப்பி செய்யும்போது கடைசி என்டரை விட்டுவிடுவோம், அதனால் எச்சரிக்கை வருகிறது. கோப்பின் கடைசியில் ஒரு என்டர் தட்டிச் சேமித்தால் நின்றுபோகும். ஒட்டிய உரையை இன்னொன்றோடு சேர்க்கும்போது மட்டும் ஜாக்கிரதை. முதல் துண்டின் கடைசி வரியும் அடுத்த துண்டின் முதல் வரியும் ஒட்டிக்கொள்ளும்.

14. கானா பாட்டு வரிகளை வெச்சு ப்ராஜெக்ட் பண்றோம். பிடிஎஃப்லயும் பிபிடிலயும் இருந்து எடுத்தா அடி எண்ணிக்கை தப்பா வருது.

இரண்டுக்கும் காரணம் வேறு. பவர்பாயிண்டில் ஷிஃப்ட்டும் என்டரும் சேர்த்து அடித்து வரியை உடைத்திருப்பார்கள். அங்கிருந்து காப்பி செய்தால் அது 10 ஆகவோ 13 ஆகவோ வராமல் 11 ஆக வரும். செங்குத்து டேப் என்பது அதன் பெயர். 10-இல் வெட்டினால் இரண்டு அடி ஒன்றாகும், 4-ஆம் கேள்வியில் 1330 வந்தது போல. பைத்தானின் ஸ்பிளிட்லைன்ஸ் 11-ஐயும் வரிமுடிவாக எடுத்துக்கொள்ளும். மற்றவற்றில் முதலில் 11-ஐ 10 ஆக மாற்றிக்கொள்ளுங்கள்.

பிடிஎஃப் கோப்பில் பெரும்பாலும் வரிமுடிவு என்ற ஒன்றே இருக்காது. எந்த எழுத்து பக்கத்தில் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று மட்டும் இருக்கும், வரியைப் படிப்பான் ஊகித்துத் தருகிறது. உரைநடை என்றால் ஒற்றை வரிமுடிவை இடைவெளியாக்கி, வெற்று வரியைப் பத்திப் பிரிவாக வைத்துக்கொள்ளலாம். பாட்டுக்கு அது செல்லாது. நீளமான அடி மடங்கி அடுத்த வரிக்குப் போயிருக்கும், அது தனி அடியா மடிப்பா என்று மென்பொருளுக்குத் தெரியாது. உட்கார்ந்து ஒருமுறை பாடிப் பார்த்துத்தான் திருத்த வேண்டும். குறுக்குவழி இருப்பதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

15. லினக்ஸ் லேப்ல ஸ்கிரிப்ட் ஓட மாட்டேங்குது, கிட்ல ஒரு வரி மாத்தினா முழு ஃபைலும் மாறினதா காட்டுது. இதுவும் அதேதானா?

அதேதான். ஸ்கிரிப்டின் முதல் வரியில் உள்ள ஓடுபொறியின் பெயரோடு 13 ஒட்டியிருக்கிறது. அந்தப் பெயரில் ஒரு நிரல் இல்லை என்கிறது லினக்ஸ். வரிமுடிவை மாற்றும் டாஸ்2யூனிக்ஸ் கருவியை ஓட்டினால் சரியாகும். நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில், உங்கள் எடிட்டர் எல்லா வரியின் முடிவையும் மாற்றிச் சேமித்திருக்கிறது. கிட்அட்ரிப்யூட்ஸ் கோப்பில் எந்த வகை என்று குழுவாக ஒருமுறை எழுதி வையுங்கள்.

டெர்மினலில் பல வரிக் கட்டளையை ஒட்டும்போது ஒவ்வொரு வரியும் உடனே ஓடிவிடும் என்பதும் நினைவிருக்கட்டும். டெர்மினலில் கட்டளைகளை வாங்கி ஓட்டும் பேஷ் நிரலில், 2020-இல் வந்த 5.1 பதிப்பிலிருந்து, ஒட்டியதை முழுதாகக் காட்டிவிட்டு நீங்கள் என்டர் தட்டும்வரை காத்திருப்பதே வழக்கம். கல்லூரி ஆய்வகங்களில் பழைய பதிப்பும் இருக்கும்.

16. எனக்கு ஒரு எழுத்துகூட மாறாம அப்படியே உள்ளே போகணும். எப்படி?

ஒட்டாதீர்கள். கோப்பாகக் கொண்டுபோங்கள், முடிந்தால் ஜிப் செய்து. மணலி வரியையும் எண்ணூர் வரியையும், எழுத்தை பைட்டுகளாக வைக்கும் யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால், ஒரு தமிழ் எழுத்துக்கு 3 பைட் வீதம் 33, எல்எஃப் என்றால் மொத்தம் 35 பைட், சிஆர்எல்எஃப் என்றால் 37. இந்த இரண்டு பைட்டில், கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் ஷா-256 கையொப்பம் முழுதாக மாறிவிடும். அசைன்மென்டைக் கையொப்பம் வைத்துச் சரிபார்க்கும் இடங்களில் 'நான் ஒன்றும் மாற்றவில்லையே' என்று பிள்ளைகள் தவிப்பது இதனால்தான்.

உள்ளே வாசிக்கும்போதும் உரை முறை வேண்டாம். பைத்தானில் பைனரி முறையில் திறங்கள், அல்லது 12-இல் சொன்னபடி நியூலைனுக்கு வெற்று ஸ்ட்ரிங் கொடுங்கள். மேட்லேபின் ஃபைல்ரீட் 13-ஐத் தொடாமல் தரும். எஃப்டிபியில் அனுப்புகிறவர்கள் ஆஸ்கி முறையைத் தவிர்த்து பைனரி முறையை வைக்கவும், முன்னது வழியிலேயே வரிமுடிவை மாற்றும். ஒட்டித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால் பேஸ்64 ஆக மாற்றி ஒட்டி, உள்ளே போய்த் திருப்பிக்கொள்ளலாம். அது வெறும் ஆங்கில எழுத்தும் எண்ணும் ஓரிரு குறிகளுமாக இருப்பதால், வரி எப்படி உடைந்தாலும் சேதமில்லை.

17. ஸ்டேஷன் பெயர் பட்டியல் ஒட்டி வெச்சேன். பெரம்பூர், வியாசர்பாடி எல்லாம் சரியா இருக்கு. அயனாவரம், அம்பத்தூர், அத்திப்பட்டு மட்டும் வரி உடையுது. 'அ'வுக்கும் வரிக்கும் என்ன பகை?

இதுவரை வந்ததில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. பகை நிஜமாகவே இருக்கிறது, ஆனால் தொடக்கம் 'அ'வில் இல்லை, புள்ளியில். பட்டியல் யூடிஎஃப்-8 கோப்பு. விண்டோஸ் பைத்தானில் குறியாக்கத்தைச் சொல்லாமல் திறந்தால், நம் ஊர்க் கணினிகளில் பெரும்பாலும் அது 1252 என்ற மேலைநாட்டுக் குறியாக்கமாக எடுத்துக்கொள்ளும். மெய்யெழுத்தின் புள்ளிக்கு யூடிஎஃப்-8 இல் மூன்றாவது பைட் 141. 1252-இல் 141-க்கு எழுத்தே கிடையாது. உடனே பிழை. யாரோ 'லத்தீன்-1 என்று போடு, பிழை போய்விடும்' என்று சொல்லியிருப்பார்கள். போய்விடும்தான், லத்தீன்-1 எந்த பைட்டையும் மறுக்காது.

இப்போது 'அ'வுக்கு வருவோம். அதன் பைட்டுகள் 224, 174, 133. லத்தீன்-1 இல் 133 என்பது அடுத்த வரி என்று பொருள்படும் ஒரு கட்டுப்பாட்டு எழுத்து, ஸ்பிளிட்லைன்ஸ் அதையும் வரிமுடிவாக மதிக்கும். 133-இல் முடியும் தமிழ் எழுத்து 'அ' ஒன்றே. பெரம்பூரில் 'அ' என்ற தனி எழுத்து இல்லாததால் அது தப்பித்தது. கோப்பை ஒவ்வொரு வரியாக வாசித்திருந்தால் இது தெரிந்தே இருக்காது, அங்கே 10, 13 மட்டும்தான் கணக்கு. மொத்தமாக வாசித்து ஸ்பிளிட்லைன்ஸ் போட்டதால் வெளியே வந்தது.

லத்தீன்-1 ஐ எடுத்துவிட்டு, திறக்கும் இடத்தில் யூடிஎஃப்-8 என்று எழுதுங்கள். அயனாவரம் சேர்ந்துவிடும். ஏற்கெனவே உடைத்துச் சேமித்த கோப்பைத் திருத்த முயல வேண்டாம். வெட்டும்போது 133 தொலைந்துவிட்டது, அந்த 'அ' இப்போது அரைகுறையாக இரண்டு பைட்டோடு நிற்கிறது. முதல் பட்டியலிலிருந்தே மறுபடி தொடங்குங்கள்.